மஞ்சள் பட்டையா, சிவப்பு பட்டையா

காலையில் கம்பெனி பஸ்ஸில் கால் வைப்பதற்குள் யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாள்.

"இன்னாக்கா, வாங்கிட்டியா?"

வாங்கவில்லை என்று கேட்பவளுக்கும் தெரியும், டிரைவருக்கும் தெரியும். வாங்கியிருந்தால் நானே பஸ் முழுக்கக் காட்டியிருக்க மாட்டேனா? "பாத்துகினு கீறேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, காதில் ஒயரைச் செருகி, போனில் அடுத்த வீடியோவைத் திறப்பேன். எந்தக் கேமரா வாங்கலாம் என்று சொல்லும் வீடியோ. வாலாஜாபாத்தில் பஸ் கிளம்பும்போது மஞ்சள்தான் என்று முடிவாகியிருக்கும். ஒரகடம் மேம்பாலம் கண்ணில் படும்போது சிவப்புக்கு மாறியிருப்பேன். கம்பெனி கேட்டில் இறங்கும்போது இரண்டும் வேண்டாம், இவ்வளவு நாள் கேமரா இல்லாமல் செத்தா போனோம் என்று எரிச்சலாக இருக்கும். மறுநாள் காலையில் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

மஞ்சள், சிவப்பு என்று நான் சொல்வது கேமராவைக் கழுத்தில் மாட்டும் பட்டையை. ஒரு கம்பெனிக்காரன் பட்டையில் தன் பெயரை மஞ்சளில் போட்டிருப்பான், இன்னொருத்தன் சிவப்பில். கல்யாணங்களில் மணமேடையை மறைத்துக்கொண்டு நிற்கிறார்களே, அவர்கள் கழுத்தைப் பார்த்தால் தெரியும். எங்கள் பஸ்ஸில் அந்தக் கம்பெனிப் பெயர்களை யாரும் சொல்வதில்லை. மஞ்சள் கட்சி, சிவப்பு கட்சி என்றுதான் பேச்சு. வாழ்க்கையில் கேமராவைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட ஏதோ ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டார்கள். நான் மட்டும்தான் நடுவில் கிடந்து அல்லாடினேன்.

என் வேலையும் அதற்கு ஒரு காரணம். கார்களுக்குள் வைக்கிற எலக்ட்ரானிக் பெட்டிகளுக்கான போர்டுகள் எங்கள் லைனில் தயாராகும். பூதக்கண்ணாடி பொருத்திய விளக்குக்குக் கீழே ஒவ்வொரு போர்டாக வைத்து, பற்றவைத்த இடம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நன்றாக இருந்தால் ஓகே. குறை இருந்தால் என்ஜி, தூக்கித் தனி டப்பாவில் போட வேண்டும். இதையே வருடக்கணக்கில் செய்தால் எதைப் பார்த்தாலும் முதலில் குறைதான் கண்ணில் படும். நாத்தனார் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்ததும் எல்லோரும் பையன் எப்படி என்று கேட்டார்கள். சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு என்று சொன்னேன். அதிலிருந்து என்னை எந்த நல்ல காரியத்துக்கும் முன்னால் அழைத்துக்கொண்டு போவதில்லை.

கேமரா ஆசை வந்ததே கம்பெனி கேட்டில்தான். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் செக்யூரிட்டி ஒவ்வொருவர் போனையும் வாங்கி, கேமராக் கண்ணின் மேல் வட்டமாக ஒரு ஸ்டிக்கரை ஒட்டித் தருவார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வெளியே வரும்போது பிய்த்துக்கொள்ளலாம். ஸ்டிக்கர் போகும், பிசின் போகாது. எதைப் போட்டுத் துடைத்தாலும் என் போனில் எடுத்த படமெல்லாம் மார்கழிப் பனியில் எடுத்த மாதிரியே வரும். சொந்தத்தில் ஒரு காதுகுத்தில் நான் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு மழையா?" என்று கேட்டார்கள். மண்டபத்துக்குள் எடுத்த படம் அது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே முடிவு செய்தேன், எவனும் ஸ்டிக்கர் ஒட்ட முடியாத நிஜமான கேமரா ஒன்றை வாங்குவது என்று. முடிவு செய்தேனே தவிர, எது என்று முடிவு செய்யவில்லை. அப்படியே பேசிப் பேசியே நாள் ஓடிக்கொண்டிருந்தது.

ஆடி முடிந்த கையோடு எங்கள் லைனை எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. மெஷின்களைக் கழற்றி வேறு மாநிலத்தில் இருக்கிற பிளான்ட்டுக்குக் கொண்டுபோகிறார்களாம். ஆயுத பூஜை வரைக்கும் ஓடும். அதற்குப் பிறகு எங்களில் சிலருக்கு மறைமலை நகரில் இருக்கிற இன்னொரு பிளான்ட்டில் வேலை, சிலருக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். யாருக்கு எது என்று கேட்டால், சொல்வோம் என்றார்கள். வீட்டில் பழைய ஃபேனைக் கழற்றினால்கூட ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்வார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்றைக்குக் கேண்டீனில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் லைனில் எனக்கு நேர் எதிரே வேலை பார்ப்பவள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இங்கே படப்பையில் குடியிருக்கிறாள். என்னைவிடச் சின்னவள், என்னைவிடப் பொறுமைசாலி. அவள்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே அந்த விஷயத்தைத் தொடங்கினாள்.

"எக்கா, இத்தன வருசமா இங்க கெடக்கோம். எங்க வீட்டுல யாருக்காவது நான் வேல பாக்குத எடம் எப்படி இருக்கும்னு தெரியுமா? காட்டுததுக்கு ஒரு போட்டோ உண்டா? நாளைக்கு மெஷினயும் தூக்கிட்டுப் போயிருவாவ."

மேஜையில் இருந்த எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். யாரிடமும் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் ஏறுகிற பஸ்ஸைத் தெரியும், இறங்குகிற பஸ்ஸைத் தெரியும். நடுவில் நாங்கள் எங்கே இருந்தோம் என்று காட்ட ஒரு படம் கிடையாது. பூஜைக்கு அப்புறம் அந்த இடமே இருக்காது. ஒவ்வொருத்தியும் அவரவர் இடத்தில் இருப்பது போல் ஒரே ஒரு போட்டோ வேண்டும் என்று அந்த மேஜையிலேயே முடிவாயிற்று.

மேனேஜரிடம் கேட்கப் போனது நான்தான். கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ்கூட வரும். அவர் நல்ல மனிதர், முடியாது என்பதைக்கூட முடியும் என்பது போலச் சொல்லி அனுப்புவார். அன்றைக்கு நிஜமாகவே முடியும் என்றார். போன் கூடாது, எடுத்த நிமிடத்தில் ஊரெல்லாம் போய்விடும். வெளியிலிருந்து ஸ்டூடியோக்காரரையும் லைனுக்குள் விட முடியாது. உங்களில் யாராவது சரியான கேமரா ஒன்று கொண்டுவந்தால் பூஜையன்று லைன் நின்ற பிறகு எடுத்துக்கொள்ளுங்கள், போர்டு எதுவும் படத்தில் விழக் கூடாது, போகும்போது கேட்டில் செக்யூரிட்டி எல்லாப் படத்தையும் பார்த்துத்தான் விடுவார் என்றார்.

வந்து சொன்னேன். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"அதான் அக்கா வாங்கப் போவுதே!"

ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததற்கு வந்த வினை. சீட்டுப் பணம் வேறு கையில் இருந்தது. தப்பிக்க வழியே இல்லை.

அதுவரை எனக்குப் பொழுதுபோக்காக இருந்த குழப்பம் அதன் பிறகு நோயாக மாறியது. எங்கள் மெயின்டனன்ஸில் ஒருவர் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஆனால் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் போய்ப் பறவைகளைப் படம் எடுப்பவர். மஞ்சள் கட்சியின் தலைவரே அவர்தான். மெஷின் ரிப்பேருக்கு வந்தால் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே பாடம் எடுப்பார்.

"இருட்டா எடுத்துட்டா கூட பரவால்ல மேடம், கம்ப்யூட்டர்ல போட்டு வெளிச்சத்த ஏத்திக்கலாம். உள்ள அவ்ளோ விஷயம் கீது. என் லென்ஸையே தரேன், எடுத்துகினு போங்க."

அந்த லென்ஸை ஒருநாள் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து காட்டினார். முழங்கை நீளம் இருந்தது. ஏரிக்கு அந்தக் கரையில் உட்கார்ந்திருக்கிற நாரையின் கண்ணை எடுக்கலாம். எங்கள் லைனில் இரண்டு மெஷினுக்கு நடுவில் ஒரு ஆள் போனால் இன்னொரு ஆள் ஒதுங்க வேண்டும். அங்கே அதை வைத்து எடுத்தால் ஒருத்தியின் மூக்குத்தி மட்டும்தான் வரும்.

வாலாஜாபாத்தில் எங்கள் தெருமுனையில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் சிவப்புக் கட்சி. "மூஞ்சின்னா செவப்புதாம்மா. பொண்ணு மாப்பிள்ள மூஞ்சி அதுலதான் பளிச்சுனு வரும். இந்தப் பக்கம் கல்யாணம் எடுக்குறவங்க எல்லாரும் இன்னா வெச்சிருக்காங்கன்னு பாரு" என்றார். நானும் பார்த்தேன். அடுத்த முகூர்த்தத்தில் போன கல்யாணத்தில் சாம்பார் எப்படி இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, மேடையைச் சுற்றி இருந்தவர்களின் பட்டை நிறம் மட்டும் நினைவிருக்கிறது. சிவப்பு அதிகம்தான். ஆனால் அதில் ஒருவர் மஞ்சள் வைத்திருந்தார், அவர் எடுத்த படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், பட்டுப் புடவையின் ஜரிகை இழை இழையாகத் தெரிந்தது. திரும்பவும் போயிற்று தூக்கம்.

வீடியோக்காரர்கள் செய்ததுதான் பெரிய அநியாயம். அரை மணி நேரம் இதையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, செங்கல் சுவரை எடுத்து, பூந்தொட்டியை எடுத்து, கடைசியில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்: "ரெண்டுமே நல்ல கேமராதான் நண்பர்களே, உங்க தேவையைப் பொறுத்தது." அதைச் சொல்லவா அரை மணி நேரம்? பஸ் என்றும் பார்க்காமல் போனைப் பார்த்துத் திட்டியிருக்கிறேன். இன்னும் சிலர், உள்ளே கண்ணாடி வைத்த கேமராவின் காலமே முடிந்தது, இனிமேல் கண்ணாடி இல்லாத கேமராதான் என்று சொன்னார்கள். அதன் விலையைப் பார்த்ததும் அந்த மூன்றாவது கட்சிக்கு என் வோட்டு இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் மனதில் ஒரு மூலையில் அதுவும் உட்கார்ந்து அரிக்கும்.

என் வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் நான் பல் தேய்த்துக்கொண்டே போனில் எதையோ ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "எங்கப்பா மாடு வாங்க சந்தைக்குப் போவாரு. பல்லப் பாப்பாரு, கால தட்டுவாரு, சாயங்காலத்துக்குள்ள ஒண்ண ஓட்டிகினு வந்துருவாரு. நீ இன்னாடான்னா ஆவணியும் போச்சு, புரட்டாசியும் பொறந்துச்சு" என்றார். மாட்டுக்குப் பல் இருக்கிறது, இதற்கு என்ன இருக்கிறது என்று கத்தினேன். வாயிலிருந்த பேஸ்ட் அவர் சட்டையில் தெறித்தது.

எனக்குத் தெரியும், நான் கத்தியது கேமராவுக்காக மட்டும் அல்ல. மறைமலை நகரா, கணக்கு முடிப்பா என்பது என் கையில் இல்லை. என் கையில் இருந்த ஒரே முடிவு இந்தக் கேமராதான். அதனால் அதையே போட்டு உருட்டினேன். இதுவும் தப்பாகப் போய்விட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. ஒரு முறைதான் எடுக்க முடியும். லைன் போய்விட்டால் திரும்ப எடுக்க இடம் இல்லை.

பூஜைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, படப்பைக்காரிதான் என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சென்னைக்கு அழைத்துப் போனாள். "எக்கா, இன்னைக்கு வாங்காம வந்தீயன்னா நான் கேண்டீன்ல உங்க பக்கத்துல உக்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

கடைக்காரர் இரண்டையும் கண்ணாடி மேஜை மேல் வைத்தார். நான் என் வேலையைத் தொடங்கினேன். மூடியைத் திறந்து பார்த்தேன், பட்டனை அமுக்கிப் பார்த்தேன், உள்ளே தூசி இருக்கிறதா என்று விளக்கில் காட்டிப் பார்த்தேன். ஒன்று கைக்குள் பாந்தமாக அடங்கியது. இன்னொன்றின் கிளிக் சத்தம் பிடித்தது. கடைக்காரருக்குச் சாப்பாட்டு நேரம் வந்தது, தாண்டியும் போனது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து இவள் முன்னால் வந்து நின்றாள். "என் மூஞ்சிய ரெண்டுலயும் எடுங்க. எது நல்லா இருக்கோ அத வாங்கிட்டுப் போவோம்."

அவள் நல்ல கறுப்பு. அழகான கறுப்பு. மஞ்சளில் எடுத்ததில் அவள் நான் தினமும் பார்க்கிற நிறத்திலேயே இருந்தாள், நெற்றியில் இருந்த சின்னத் தழும்புகூடத் தெரிந்தது. சிவப்பில் எடுத்ததில் கொஞ்சம் வெயில் பட்ட மாதிரி, மெல்லிசாகச் சிவந்து, சிரிப்பு முன்னால் வந்து நின்றது. நான் மஞ்சளைக் காட்டி, இதுதான் சரி, உள்ளது உள்ளபடி இருக்கிறது என்றேன். அவள் சிவப்பைக் காட்டினாள்.

"நான் எப்படி இருக்கேன்னு எனக்குத் தெரியும்க்கா. போட்டோவுலயாவது கொஞ்சம் நல்லா இருந்துட்டுப் போறேனே. ஒங்களுக்கு என்ன போச்சு?"

எனக்கு என்ன போயிற்று? யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் போகவில்லை. வாழ்நாள் முழுக்கக் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியிருக்கிறேன், ஒரு நாளாவது ஒருத்தி கேட்டபடி எடுத்துக் கொடுப்போமே என்று தோன்றியது. சிவப்பையே கட்டித் தரச் சொன்னேன். கடைக்காரர் எங்கே மனசு மாறிவிடுவேனோ என்று அவசர அவசரமாகப் பெட்டியை ஒட்டினார். ஸ்டூடியோக்காரருக்கு ஒரே சந்தோஷம். தன்னுடைய அகலமான லென்ஸைப் பூஜைக்கு எடுத்துப் போகக் கொடுத்தார். நெருக்கமான இடத்தில் ஆளையும் மெஷினையும் சேர்த்து எடுக்க அதுதான் வசதி.

அந்த வாரம் முழுக்க முகமாக எடுத்துத் தள்ளினேன். வீட்டுக்காரர் முகம், பால்காரர் முகம், பஸ் டிரைவர் முகம். ஜன்னல் வெளிச்சத்தில் எப்படி, டியூப்லைட்டில் எப்படி, கறுப்பு நிறத்துக்கு எவ்வளவு வெளிச்சம், சிவப்பு நிறத்துக்கு எவ்வளவு என்று பழகினேன். கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி விழுந்தால் முகம் உயிரோடு இருக்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், அதையும் பழகினேன்.

ஆயுத பூஜையன்று பஸ்ஸே கல்யாண மண்டபம் போல் இருந்தது. தினமும் யூனிஃபார்மில் தூங்கி வழிகிறவர்கள் பட்டுப் புடவையில் வந்தார்கள். தலை நிறைய மல்லிகை, கம்மல், பவுடர், ஒருத்தி லிப்ஸ்டிக்கூடப் போட்டிருந்தாள். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள், பொரி கொடுத்தார்கள். எங்கள் ஹாலுக்குள் தூசி கூடாது, அதனால் அங்கே குங்குமமும் கிடையாது, கற்பூரமும் கிடையாது. மெஷின்களுக்கு ஸ்டிக்கர் பொட்டுதான் ஒட்டுவோம். அன்றைக்கும் ஆளுக்கொரு அட்டையோடு போய் அவரவர் மெஷினுக்குப் பொட்டு வைத்தோம். இந்த மெஷினுக்கு இதுதான் கடைசிப் பொட்டு என்று யாரோ ஒருத்தி சொன்னாள்.

பிறகு வேக வேகமாக எடுத்தேன். போர்டுகளைத் துணி போட்டு மூடச் சொன்னேன். ஒவ்வொருத்தியையும் அவள் இடத்தில், கை வைக்கிற இடத்தில் கை வைத்து நிற்கச் சொன்னேன். அகல லென்ஸில் ஆளும் மெஷினும் மேலே ஓடுகிற காற்றுக் குழாயும் சேர்ந்து வந்தன. ஒரு சின்னப் பெண்ணின் மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கியிருந்தது. "மாஸ்க்க மேல ஏத்து" என்று அதட்டிவிட்டு, அவள் ஏற்றிய பிறகுதான் எடுத்தேன். கடைசியில் என் இடத்தில் நான் நின்றேன், படப்பைக்காரி எடுத்தாள். பட்டனை அமுக்கும்போது அவளே மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கேட்டில் செக்யூரிட்டி கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். நான் அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் படம் வந்ததும் திருப்திப்பட்டுத் தலையாட்டினார்.

"சூப்பர்மா. ஒருத்தர்கூட மாஸ்க் இல்லாம நிக்கல. கோட்டு, தொப்பி, கண்ணாடி, எல்லாம் பக்காவா கீது. சேஃப்டி ஆபீசருக்கே காட்டலாம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கேமராவைப் பிடுங்கிப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் நீலக் கோட்டு, நீலத் தொப்பி, வெள்ளை மாஸ்க், பிளாஸ்டிக் கண்ணாடி. பட்டுப் புடவை கோட்டுக்குள் போய், கால் பக்கம் ஒரு சாண் கரை மட்டும் தெரிந்தது. மல்லிகை தொப்பிக்குள். லிப்ஸ்டிக் மாஸ்க்குக்குள். ஹால் கதவைத் தாண்டினால் கை தானாகக் கோட்டை எடுக்கும், மாஸ்க்கை மாட்டும். நாங்கள் யாரும் அதைச் செய்ததாகவே உணரவில்லை. கழற்றுங்கள் என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை. மூக்கு தெரிந்த ஒரே ஒருத்தியையும் அதட்டி மூட வைத்திருக்கிறேன்! எந்தக் கேமராவில் முகம் நன்றாக வரும் என்று மாதக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டவள், ஒரு முகத்தைக்கூட எடுக்காமல் வெளியே வந்து நிற்கிறேன்.

திரும்ப உள்ளே விடச் சொல்லிக் கேட்டேன். ஹால் பூட்டியாயிற்று, லீவு முடிந்ததும் மெஷின் கழற்ற ஆள் வருகிறார்கள் என்றார். கெஞ்சினேன், பிறகு சத்தம் போட்டேன். அவர் என்ன செய்வார் பாவம், சாவி அவரிடம் இல்லை. அவமானத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் பஸ்ஸுக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தார்கள். போய்ச் சொன்னேன். இங்கேயே கேட்டுக்கு முன்னால் வரிசையாக நில்லுங்கள், நல்ல வெளிச்சம் இருக்கிறது, முகம் அழகாக வரும், எல்லோரையும் எடுத்துத் தருகிறேன் என்றேன்.

யாரும் நகரவில்லை. படப்பைக்காரி கேமராவை வாங்கி அவள் படத்தைத் தேடி எடுத்தாள். கோட்டுக்குக் கீழே பச்சைக் கரை தெரிந்த படம்.

"மூஞ்சி எல்லா போட்டோவுலயுந்தான் இருக்குக்கா. ஆதார் கார்டுல இருக்கு, கல்யாண ஆல்பத்துல இருக்கு. இந்த எடம் எதுல இருக்கு? எனக்கு இதான் வேணும். பெருசா போட்டுத் தாங்க."

கேமரா கை மாறி மாறிப் போனது. "தோ, நான்" என்று ஒவ்வொருத்தியும் கரையைப் பார்த்தும் மெஷினைப் பார்த்தும் கண்டுபிடித்துக்கொண்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஸ்டூடியோவில் பிரிண்ட் போடக் கொடுத்தபோது அவரும், "இன்னாம்மா, ஒண்ணுலகூட மூஞ்சியே இல்ல?" என்று கேட்டு வெந்த புண்ணைக் கிளறினார். லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

என் அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். இடுப்பு முறிகிற வரைக்கும் கழனி வேலை செய்தவள். பிரிண்ட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்ததும் கவரை அவளிடம் நீட்டினேன். என் படத்தை மட்டும் எடுத்து, வாசல் வெளிச்சத்துக்குப் போய், கையை நீட்டி வைத்துக்கொண்டு பார்த்தாள். படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"இது நீதான?"

"எப்டிம்மா கண்டுபுடிச்ச?"

"ஒரு பக்கமா இடுப்ப சாச்சுகினு நிக்கிறியே. வேற யாரு நிப்பா?"

அதோடு வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விரலை வைத்துத் தேடிக்கொண்டே போனாள்.

"சேர் எங்க கீது?"

"இன்னா சேரு?"

"நீ ஒக்கார்ற சேரு."

"சேர்லாம் கெடையாதும்மா. அங்க நின்னுகினுதான் வேல."

"எது வரிக்கும்?"

"ஷிப்ட் முடியிற வரிக்கும். சாப்புடப் போறப்ப ஒக்காருவோம்."

அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நாத்து நட்டாகூட நடுவுல வரப்புல குந்துவோமேடி" என்றாள். பிறகு யாரையோ திட்டுகிற குரலில் சொன்னாள். "ஏசில நாள் பூரா ஒக்காந்துகினே கீற, காலு மரத்துப் பூடும்னுதானடி வந்ததும் வராததுமா உன்ன கடைக்கும் ரேசனுக்கும் தொரத்துவேன்."

தோளில் பையோடு, கையில் மீதிப் படங்களோடு அவள் எதிரே நின்றுகொண்டிருந்தேன். அம்மா மூலையில் கிடந்த பிளாஸ்டிக் சேரை இழுத்து என் பக்கம் தள்ளினாள்.

"குந்து" என்றாள். "மொதல்ல குந்துடி."

உட்கார்ந்தேன்.